எல்லிஸ் தீவு: வாசகர்கள் கேட்டவை

நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று வந்தது. 1892 முதல் 1954 வரை இயங்கிய அந்த நிலையத்தின் வழியே சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அமெரிக்காவுக்குள் போனார்கள் என்று அதில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சில:

கேள்வி: கப்பல் வந்து நின்றது முதல் ஒருவர் தீவை விட்டு வெளியேறும் வரை என்னதான் நடக்கும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சிக்கல் இல்லாதவருக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம். கூட்டம் உச்சத்தில் இருந்த 1907-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரல் 17 அன்று மட்டும் 11,747 பேர் வந்தார்கள்.

துறைமுகத்தின் வாசலிலேயே கப்பலை நிறுத்தி, காலரா, பெரியம்மை, டைஃபஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் கப்பல் கரைக்கு வரும். மூன்றாம் வகுப்புப் பயணிகள் அங்கிருந்து ஊருக்குள் போக முடியாது. ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு அட்டை குத்தியிருக்கும். கப்பலின் பயணிகள் பட்டியலில் அவர் பெயர் எந்தப் பக்கம், எந்த வரி என்ற எண்கள் அதில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 30 பெயர். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் கடைசிவரை ஒரே குழுவாகத்தான் நகர்வார்கள். படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்த பிறகும், முந்தைய கூட்டம் கலையும்வரை வெயிலிலோ குளிரிலோ படகிலேயே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

கீழ்த்தளத்தில் மூட்டை முடிச்சுகளை வைத்துவிட்டு மாடிப்படி ஏற வேண்டும். பலர் திருட்டுப் பயத்தில் மூட்டையை விடாமல் தூக்கிக்கொண்டே ஏறினார்கள். மருத்துவப் பரிசோதனை அந்தப் படியிலேயே தொடங்கிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார்கள் என்று மேலே நின்றபடி மருத்துவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவருக்குச் சில விநாடிதான். சந்தேகம் வந்தால் அவர் போட்டிருக்கும் கோட்டில் சாக்பீஸால் ஓர் ஆங்கில எழுத்து விழும்: எச் என்றால் இதயம், எல் என்றால் கால் ஊனம், கே என்றால் குடலிறக்கம், எக்ஸ் என்றால் மனநிலையில் சந்தேகம். குறி விழுந்தவர்களை வரிசையிலிருந்து விலக்கித் தனி அறையில் முழுதாகச் சோதிப்பார்கள்.

எல்லோரும் பயந்தது கண் மருத்துவருக்கு. ட்ரகோமா என்ற தொற்று, மேல் இமையின் உட்புறத்தில்தான் தெரியும். விரலாலோ, பூட்ஸ் பொத்தான் மாட்டுகிற கொக்கியாலோ இமையை வெளிப்புறமாகப் புரட்டிப் பார்ப்பார்கள். வலி கொஞ்ச நேரம்தான். ஆனால் ட்ரகோமா உறுதியானால் அநேகமாகத் திரும்பும் கப்பல்தான்.

இதெல்லாம் முடிந்தபின் பெரிய கூடத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், மேசையில் பட்டியல். அதில் 29 கேள்விகளுக்கான பதில்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்: வயது, தொழில், டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டினார்கள், கையில் எவ்வளவு இருக்கிறது, யாரிடம் போகிறார், சிறை சென்றதுண்டா, பலதார மணம் செய்தவரா... வாய்ப் பதிலும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்பதுதான் சோதனை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பணம் மாற்றி, ரயில் டிக்கெட் வாங்கி, வழிக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

கேள்வி: எல்லிஸ் தீவு அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை இஷ்டத்துக்கு வெட்டிச் சுருக்கினார்கள் என்று சினிமாவில் பார்க்கிறோம். உண்மைதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை. அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் சத்தியம் செய்து சொல்லும் கதை இது. ஆனால் நடைமுறை அதற்கு இடம் கொடுக்காது.

பட்டியல் தீவில் எழுதப்பட்டதல்ல. ஐரோப்பாவில், கப்பல் புறப்படும் துறைமுகத்தில், டிக்கெட் விற்ற கம்பெனியின் குமாஸ்தா எழுதியது. தீவு அதிகாரியின் வேலை அதைச் சரிபார்ப்பது மட்டுமே. பிழை கண்டால் மேலே திருத்தி எழுதுவார். புதிய பெயர் சூட்டும் படிவமோ சான்றிதழோ அங்கே இருந்ததில்லை. மொழி தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தார்கள் என்பதும் மிகை. மொழிபெயர்ப்பாளர்கள் முழுநேர ஊழியர்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லகார்டியா 1907 முதல் 1910 வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. 1906-க்குப் பிறகு வந்தவர் குடியுரிமை கேட்டால், அவர் வந்த நாளையும் கப்பலையும் பழைய பட்டியலில் தேடி உறுதிசெய்வார்கள். தீவில் பெயர் மாறியிருந்தால் இந்தச் சரிபார்ப்பே குளறுபடியாகிவிடும்.

அப்படியானால் பெயர் எப்போது மாறியது? கொஞ்சம் புறப்பட்ட துறைமுகத்தில், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால். பெரும்பாலும் வந்த பிறகு, வேலை கொடுத்த முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார் வழியாக, அல்லது தாங்களே விரும்பி. அமெரிக்காவில் ஒருவர் புதுப் பெயரில் புழங்கத் தொடங்கினால் போதும், அதற்குக் கோர்ட்டுப் படி ஏற வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. நாமே மாற்றிக்கொண்டோம் என்பதைவிட அதிகாரி மாற்றிவிட்டான் என்பது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் சுலபம் அல்லவா?

கேள்வி: முதல் வகுப்பில் வந்தவர்களும் இந்த வரிசையில் நின்றார்களா?
– வாசகர், சிவகாசி

பதில்: நிற்கவில்லை. முதல், இரண்டாம் வகுப்புக்காரர்களை அதிகாரிகள் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். வெளிப்படையாக நோய் தெரிந்தால் மட்டும் தீவு. இந்தச் சலுகையைத் தெரிந்துகொண்டு, கண் நோய் உள்ளவர்கள் கடன்பட்டு இரண்டாம் வகுப்பு டிக்கெட் எடுத்ததும் நடந்தது.

கேள்வி: ‘வேலை இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்லக் கூடாதாமே. இது என்ன நியாயம்?
– வாசகர், ஈரோடு

பதில்: நியாயத்தை விடுங்கள், சட்டம் அப்படி. கூலியைக் குறைக்க முதலாளிகள் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்த ஆட்களை இறக்குகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் 1885-இல் வந்தது ஒப்பந்தத் தொழிலாளர் தடைச் சட்டம். ‘சுரங்கத்தில் வேலை பேசி முடித்துவிட்டுத்தான் வந்தேன்’ என்று பெருமையாகச் சொன்னவர் அந்த வார்த்தையாலேயே மாட்டிக்கொள்வார். ‘வேலையும் இல்லை, யாரையும் தெரியாது’ என்றாலும் ஆபத்து. ‘அரசுக்குச் சுமையாகக் கூடியவர்’ என்ற பிரிவில் போடுவார்கள். எடுபட்ட பதில் இரண்டுக்கும் நடுவில் இருந்தது: வேலை எதுவும் பேசவில்லை, உழைக்க உடம்பு இருக்கிறது, அண்ணன் வீட்டு முகவரி இது, கையில் பணம் இவ்வளவு. 1909-இல் தீவின் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ், பயணச் செலவு போக 25 டாலராவது கையில் இருக்க வேண்டும் என்று அறிவித்தார். ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் அப்படி ஒரு தொகையே கிடையாது.

பதிலில் சந்தேகம் வந்தால் மூன்று அதிகாரிகள் கொண்ட சிறப்பு விசாரணைக் குழு. இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. எதிர்த்து வாஷிங்டனுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அபாயகரமான தொற்றுநோய் என்று மருத்துவர் சான்று கொடுத்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

கேள்வி: குழந்தைக்கு மட்டும் நோய் என்றால் குடும்பம் என்ன செய்யும்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: குணமாகக் கூடிய நோய் என்றால் தீவிலேயே இருந்த மருத்துவமனையில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பத்தான் வேண்டும் என்று முடிவானால், சின்னக் குழந்தையுடன் தாயோ தகப்பனோ திரும்பிப் போக வேண்டும். யார் போவது, யார் இருப்பது என்பதை அங்கேயே தீர்மானிக்க வேண்டும். மொத்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2 சதவீதம்தான். கேட்பதற்குக் குறைவுதான். ஆனால் 11,747 பேர் வந்த நாளுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் இருநூறு பேருக்கு மேல் வருகிறது.

திரும்பும் செலவு கப்பல் கம்பெனியுடையது. ஏறும்போதே கண்டுபிடித்திருக்கக் கூடிய தொற்றுநோயாளியை ஏற்றிவந்தால், 1903 சட்டப்படி ஆளுக்கு 100 டாலர் அபராதம் வேறு. அதனால்தான் ஹாம்பர்க் போன்ற துறைமுகங்களில் கம்பெனிகளே குளிப்பாட்டி, துணிமணிகளைக் கிருமிநீக்கி, மருத்துவரை வைத்துப் பார்த்துத்தான் கப்பலில் ஏற்றின. எல்லிஸ் தீவு ‘கண்ணீர்த் தீவு’ என்று பெயர் எடுத்தாலும், வடிகட்டலில் பெரும்பங்கு கடலுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிட்டது. 1924-க்குப் பிறகு அந்தச் சோதனையை வெளிநாடுகளில் இருந்த அமெரிக்கத் தூதரகங்களிலேயே விசாவோடு சேர்த்து முடித்தார்கள். தீவு படிப்படியாகத் தடுப்புக்காவல் இடமாயிற்று.

கேள்வி: படிக்கத் தெரியாதவர்களை விட்டார்களா?
– வாசகர், தருமபுரி

பதில்: 1917 வரை விட்டார்கள். அதன்பின் 16 வயதுக்கு மேற்பட்டவர், தமக்குத் தெரிந்த ஏதாவது ஒரு மொழியில் 30 முதல் 40 சொற்கள் படித்துக் காட்ட வேண்டும். உள்ளே அனுமதி பெற்றவரின் மனைவி, தாய், 55 வயது தாண்டிய தகப்பன் போன்றோருக்கு விலக்கு உண்டு. அதே 1917 சட்டம்தான் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் ‘தடை மண்டலம்’ ஆக்கியது. நம்மவர்கள் எத்தனை சொல் படித்துக் காட்டினாலும் பயனில்லை.

கேள்வி: என் தாத்தா சரக்குக் கப்பலில் வேலை பார்த்து 1930-களில் நியூயார்க் போனதாகச் சொல்வார்கள். அவர் பெயரை அங்கே தேட முடியுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: முடியும். பயணிகள் பட்டியலில் தேடாதீர்கள். கப்பல் ஊழியர் பட்டியல் தனியாக உண்டு. எல்லிஸ் தீவு அறக்கட்டளையின் இணையதளத்திலும் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்திலும் இலவசமாகக் கணக்குத் தொடங்கிப் பார்க்கலாம். நியூயார்க் துறைமுகப் பதிவுகள் 1957 வரை இருக்கின்றன.

பெயரை வைத்துத் தொடங்கினால் அலுத்துப் போவீர்கள். முத்துச்சாமிக்கு எம்-யு என்று ஒருவர் எழுதியிருப்பார், எம்-ஓ-ஓ என்று இன்னொருவர். தகப்பன் பெயர் முன்னால் போயிருக்கும், அல்லது ஒற்றைப் பெயர்தான் இருக்கும். கப்பல் பெயரும் ஆண்டும் தெரிந்தால் அதிலிருந்து போங்கள். இல்லாவிட்டால் முதல் சில எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டு ஃபேமிலிசர்ச்சில் தேடுங்கள். இனம் என்ற பத்தியில் ‘ஈஸ்ட் இண்டியன்’ என்று இருக்கும். எத்தனை வருடக் கடல் அனுபவம், கப்பலில் என்ன வேலை, எந்தத் துறைமுகத்தில் சேர்ந்தார், உயரம், எடை, உடம்பில் என்ன அடையாளம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலின் பத்திகள். தழும்பு ஒன்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அடையாளம் காண உதவும்.

தட்டச்சு செய்த விவரத்தை மட்டும் நம்ப வேண்டாம். கையெழுத்தைத் தவறாகப் படித்து ஏற்றிய பெயர்கள் ஏராளம். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். பயணியைத் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1907-க்குப் பின் ஒருவரது விவரம் இரண்டு பக்கங்களில் ஓடும், தளம் ஒன்றை மட்டும் காட்டும், அடுத்த படத்துக்கும் போக வேண்டும். அந்தக் கப்பலின் பட்டியல் முடியும் இடத்தில் தடுத்து வைக்கப்பட்டவர்களின் தனிப் பட்டியல் இருக்கும். ஏன் நிறுத்தினார்கள், யார் வந்து அழைத்துப் போனார்கள் என்பதோடு, எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்பதுவரை அதில் உண்டு. அந்தச் சாப்பாட்டுச் செலவு கப்பல் கம்பெனி கணக்கில்.

கேள்வி: தமிழர்கள் வெளிநாடு போனபோது இப்படி ஒரு நிலையம் இருந்ததா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தனுஷ்கோடியில் கப்பலேற்றும் முன் நோய்க்காகத் தடுத்துவைத்துப் பார்த்த இடம் அது. கடல் தாண்டிப் பார்த்தால் மொரீஷியஸின் போர்ட் லூயியில் உள்ள ஆப்ரவாசி காட் என்ற குடியேற்ற நிலையம். 1834-க்குப் பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் மொரீஷியஸ் போனார்கள். சென்னை வழியாகப் போன தமிழர்களும் அதில் உண்டு. யுனெஸ்கோ 2006-இல் அந்த நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே முன்னோரைத் தேடுபவருக்குப் பெயரைவிட, ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுத்த குடியேற்ற எண் முக்கியம். ஆவணங்கள் அந்நாட்டின் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

கேள்வி: மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். எல்லிஸ் தீவைப் போய்ப் பார்க்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக. 1990 முதல் அது அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை, படகுக்கு மட்டும்தான் டிக்கெட். மன்ஹாட்டனின் பேட்டரி பார்க்கில் ஏறலாம். உங்களுக்கு நியூ ஜெர்சி பக்கமுள்ள லிபர்ட்டி ஸ்டேட் பார்க் வசதி, அங்கே கூட்டமும் குறைவு. விமான நிலையம்போலப் பையைச் சோதிப்பார்கள். பழைய மருத்துவமனைக் கட்டடங்களைப் பார்க்க வழிகாட்டியுடன் போகும் தனி டிக்கெட் வேண்டும், தலைக்கவசம் கொடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். சிலையையும் தீவையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் காலை முதல் படகைப் பிடியுங்கள்.