பழைய தீக்கதவு தரையில் உரசுகிறது, சீவலாமா?

கேள்வி: "திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் 1970களில் கட்டிய மூன்று மாடிக் கடைக் கட்டடம். மாரி தொடங்கினால் படிக்கட்டுத் தீக்கதவுகள் தரையில் உரசும். கீழ் விளிம்பைச் சீவித் தருவதாக ஓடாவியார் சொல்கிறார். உள்ளே அஸ்பெஸ்டஸ் இருக்குமா?"

சீவ விடாதீர்கள். அந்தக் காலத்துத் தீக்கதவென்றால், சோதித்து இல்லையென்று தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"கூரைச் சீற்றுக்குக் கீழேதானே இவ்வளவு காலமும் இருக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். கூரைச் சீற்றில் இழைகளைச் சீமெந்து இறுகப் பிடித்திருக்கிறது. அதை வெட்டினாலும் ஆபத்துத்தான். கதவுக்குள் வைக்கும் காப்புப் பலகையோ மெத்தென்றது, பெரும்பாலும் பழுப்பு அஸ்பெஸ்டஸ் கலந்தது. சீவுளி இரண்டு இழுப்பு இழுத்தாலே கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் ஏறிவிடும். சுவாசித்தால் நுரையீரலில் தங்கும். மீசோதீலியோமா என்ற புற்றுநோய் 20 முதல் 50 வருடம் கழித்துத் தலைகாட்டும். மேல்தோல் முழுதாக இருந்து, யாரும் கருவி வைக்காதவரை அதே கதவால் பெரிய ஆபத்தில்லை.

உரசலைக் கதவில் கைவைக்காமலே தீர்க்கப் பாருங்கள். முதலில் மேல் பிணைச்சலின் நிலைப்பக்க ஸ்குரூக்களை இறுக்குங்கள். போதாவிட்டால், கதவின் கீழே ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கவிட்டு, கீழ்ப் பிணைச்சலை நிலைப்பக்கம் மட்டும் கழற்றி, இடையில் 1 மில்லிமீற்றர் உலோகத் தகடு வைத்துப் பூட்டுங்கள். 900 மில்லிமீற்றர் அகலக் கதவில் பூட்டுப்பக்க மூலை அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக எழும். பழைய ஸ்குரூவின் நீளத்தையே போடுங்கள். நீளமானது நிலையைத் துளைத்து, சுவருக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள அடைப்பில் ஏறலாம். அந்த அடைப்பும் அஸ்பெஸ்டஸாக இருக்கக்கூடும். இன்னும் உரசினால் சீமெந்துத் தரையைத் தேயுங்கள். பழைய வைனில் ஓடு ஒட்டிய தரையென்றால் அதையும் தொடவேண்டாம், அந்த ஓட்டிலும் கலந்திருப்பதுண்டு.

இதைவிட மோசமான வேலை ஒன்று உண்டு. கதவைத் "தரமுயர்த்த" விளிம்பில் காடி வெட்டி, சூட்டில் உப்பும் நாடா பதிப்பது. காடி நேரே பலகைக்குள் போகும். புதுப் பூட்டு, தானாகச் சாத்தும் கை, பார்வைக் கண்ணாடி மாற்றல் எல்லாமே அப்படித்தான். பூட்டுப் பெட்டியைச் சுற்றித் தாளாகவும், கண்ணாடிச் சட்டத்தினடியில் கயிறாகவும்கூட அஸ்பெஸ்டஸ் வைத்திருப்பார்கள். இப்படியான வேலை தேவையென்றால் கதவை முழுதாக மாற்றுவதே சரி.

கதவுக்குத் தகரத்தோல் போட்டிருந்தால், கடற்காற்றில் அது அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும். அங்கே சாம்பலோ வெள்ளையோ நிறத்தில் நார்த்தன்மையான பலகை தெரிந்தால் பாவனையை நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசியை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி, பொலித்தீனால் மூடி டேப் ஒட்டுங்கள். தும்புத்தடியும் வீட்டு வெக்கியூம் கிளீனரும் கூடவே கூடாது, தூசை அவை அறை முழுக்கப் பரப்பிவிடும்.

மாதிரி எடுப்பது பயிற்சி உள்ளவரின் வேலை. சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துச் சிறு துண்டு எடுத்து, இரட்டைப் பையில் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். எடுத்த இடத்தை உடனே அடைத்துவிடுவார்.

கழற்றுவதும் அப்படியே. கதவை உடைக்காமல், பிணைச்சலை நிலைப்பக்கத்திலிருந்து விடுவித்து, முழுதாக இரண்டு சுற்றுத் தடித்த பொலித்தீனில் பொதிந்து எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவேண்டும். வேலை செய்பவருக்கு முகத்தில் இறுகப் பொருந்தும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 முகக்கவசம் தேவை. துணிக்கவசமும் சத்திரசிகிச்சைக் கவசமும் உதவாது. தாடி இருந்தால் ஓரத்தால் காற்றுப் புகும், மழித்துவிடச் சொல்லுங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கழற்றிய கதவைக் குப்பை வண்டியில் ஏற்றாதீர்கள், பழைய பலகைக் கடைக்கும் விற்காதீர்கள். வாங்கியவர் அறுத்து மேசை செய்வார். எங்கே, எப்படி ஒப்படைப்பது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 30 அல்லது 60 நிமிடம் தாங்கும் சான்றுள்ள புதுக்கதவை, அதற்குரிய நிலையோடு முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருங்கள். பழையதைக் கழற்றும் அன்றே அது பூட்டப்படவேண்டும். இடையில் தீப்பிடித்தால் புகை ஏறுவது ஆட்கள் இறங்கிவரும் அதே படிக்கட்டில்தான்.