டேப்லெட்டோடு கீபோர்டு சேர்ந்தால் லேப்டாப் ஆகிவிடுமா?

கேள்வி: நான் அதிகம் செய்வது படிப்பதுதான், பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகள். அது போக, எங்கள் சிறு சங்கத்தின் வரவு செலவை எக்செல்லில் எழுதுகிறேன், உறுப்பினர்களுக்குத் தமிழில் கடிதம் அடிக்கிறேன். அவ்வப்போது வீடியோ அழைப்பும் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும். பையில் போட்டு எடுத்துப்போகத் தோதாக இருக்க வேண்டும். டேப்லெட் வாங்கி ஒரு கீபோர்டைச் சேர்த்துக்கொண்டால் போதாதா? இல்லை, சின்ன லேப்டாப்பே வாங்கிவிடட்டுமா?

பதில்: லேப்டாப்பே வாங்குங்கள். படிப்பது மட்டும்தான் வேலை என்றால் யோசிக்காமல் டேப்லெட் என்று சொல்லியிருப்பேன். உங்கள் விஷயத்தில் சங்கக் கணக்குதான் முடிவை மாற்றுகிறது.

படிப்பதில் நீங்கள் எதை இழப்பீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ4 பக்கத்தின் உயரம் 29.7 செ.மீ. 11 அங்குல டேப்லெட்டை நெட்டுவாக்கில் பிடித்தால் முழுப் பக்கமும் ஏறக்குறைய முக்கால் அளவில் ஒரே பார்வையில் தெரியும். 11.6 அங்குல அகலத்திரை லேப்டாப்பில் திரையின் மொத்த உயரமே சுமார் 14 செ.மீ. தான். பக்கத்தில் பாதிதான் தெரியும், மீதிக்கு உருட்ட வேண்டும். செய்தித்தாள் போல இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் என்றால் முதல் பத்திக்குக் கீழே போய், இரண்டாம் பத்திக்கு மறுபடி மேலே வர வேண்டும். நாள் முழுக்கப் படிப்பவருக்கு இது சின்னத் தொல்லை இல்லை. அதனால் லேப்டாப்பிலும் 16:10 அல்லது 3:2 என்று உயரம் கூடிய திரை கிடைத்தால் அதையே எடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். வங்கி அனுப்பிய பிடிஎஃப் ஒரு பக்கம் திறந்திருக்கும். அதைப் பார்த்துத் தொகைகளை எக்செல்லில் ஏற்றுவீர்கள், நடுவே போன மாதத்துக் கோப்பைத் திறந்து ஒப்பிடுவீர்கள், கடைசியில் மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவீர்கள். டேப்லெட்டிலும் திரையை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் பாதித் திரையில் எக்செல்லின் சில நெடுவரிசைகளே கண்ணில் படும். மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்பச் செய்வதைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, வைத்திருந்தால் டேப்லெட் ஆப்பில் அது ஓடவே ஓடாது. இன்னொன்றும் பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது: திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் எக்செல், வேர்டு ஆப்களில் கோப்பைத் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். லேப்டாப்பிலும் எக்செல்லுக்குப் பணம் உண்டுதான், ஆனால் அங்கே எக்செல், வேர்டு போன்றவை அடங்கிய லிப்ரே ஆபீஸை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ஒரு சங்கத்தின் கணக்குக்கு அது தாராளமாகப் போதும்.

கீபோர்டு சேர்த்தால் எடையும் கூடுகிறது. டேப்லெட் மட்டும் அரை கிலோ அளவில் இருக்கும். உறுதியான கீபோர்டு உறையும் சேர்ந்தால் ஒரு கிலோவை நெருங்கும். சின்ன லேப்டாப்பும் ஒரு கிலோவுக்குச் சற்று மேலேதான். டேப்லெட்டில் பேட்டரி, சிப் எல்லாம் திரைக்குப் பின்னால் இருப்பதால் மடியில் வைத்து அடிக்கும்போது பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். மேஜையில் என்றால் சரி. தமிழ்த் தட்டச்சையும் யோசியுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ் 99 என்ற தட்டச்சு முறை கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் திரைக் கீபோர்டில் சுலபமாக வரும் தமிழ், வெளியிலிருந்து இணைத்த கீபோர்டில் எப்போதும் அதே மாதிரி வருவதில்லை.

ஆனால் சின்ன லேப்டாப் என்றதும் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிடாதீர்கள். என் கவலை முழுக்க இங்கேதான். விலை குறைந்தவற்றில் பல 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு ரகச் சேமிப்பகத்துடன் வருகின்றன. விண்டோஸ் 11 நிறுவத் தேவையான குறைந்தபட்ச அளவே அதுதான், அதாவது வாங்கும் அன்றே வாசற்படியில் நிற்கிறீர்கள். விண்டோஸே சேமிப்பகத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். சில மாதங்களில் அப்டேட் இறங்க இடமில்லாமல் திணறும். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தோடு ஒப்பிட்டால் இஎம்எம்சி வேகத்திலும் வெகு பின்னால். இந்த ரகத்தில் ரேமைப் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. எனவே 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதற்குக் கீழே இறங்காதீர்கள். பணம் இடித்தால் திரையின் பளபளப்பை விட்டுக்கொடுங்கள், ரேமை விடாதீர்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்) என்றால் அதன் தானியங்கி அப்டேட் எந்தத் தேதி வரை என்பது அமைப்புகளிலேயே இருக்கும்.

திரையை முழுதாக மடக்கி டேப்லெட் போலப் பிடிக்கும் ரகமும் உண்டு. கேட்க நன்றாயிருக்கும், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் உள்ளதைக் கையில் பிடித்து எத்தனை பக்கம் படிக்க முடியும்? மேஜையில் நிறுத்திப் படிப்பவரென்றால் எடுக்கலாம்.

கணக்கு எழுதும் பொறுப்பு அடுத்த ஆண்டு வேறொருவருக்குப் போகப்போகிறது என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பதில் டேப்லெட்டாக மாறும். இல்லையென்றால், கடைக்குப் போகும்போது உங்கள் கணக்குக் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அங்கேயே அதைத் திறந்து பாருங்கள், தமிழில் நாலு வரி அடித்துப் பாருங்கள். சின்ன லேப்டாப்களில் சில எழுத்துக்கட்டைகள் குறுகலாக இருக்கும். அது உங்கள் விரலுக்கு ஒத்துவருமா என்பதை அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.