ஆண்டர்சன் தெருவில் ஒரு பழைய கடை: வாசகர் கேள்வி பதில்

எங்கள் தாத்தா வாங்கிய கட்டிடம் சென்னை ஜார்ஜ் டவுனில், ஆண்டர்சன் தெருவில் இருக்கிறது. கீழே காகிதக் கடை, மாடியில் கிடங்கு. மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது. மாடியில் நடந்தால் தளம் அதிர்கிறது. சுவர்ப்பூச்சு கொப்புளித்து விழுகிறது. வந்து பார்த்த பொறியாளர், "கட்டிடத்துக்கு வயதாகிவிட்டது, இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டுங்கள்" என்கிறார். ஒப்பந்தக்காரர் ஒருவர், "பூச்சை உரித்துச் சிமெண்ட் பூசிவிட்டால் போதும்" என்கிறார். பங்காளிகள் மூன்று பேர் இருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், சென்னை-1

இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவையுங்கள். செங்கல், சுண்ணாம்பு, தேக்கு இம்மூன்றால் ஆன கடை வயதால் விழுவதில்லை. உள்ளே தண்ணீர் போனால் விழும். தாங்க முடியாத பாரம் ஏறினால் விழும். இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

பாரத்தை முதலில் பார்ப்போம். ஐந்நூறு தாள் கொண்ட ஏ4 ரீம் ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு வரிசைக்கு 16 ரீம் பரப்பலாம். இடுப்பளவுக்கு, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் 20 வரிசை. மொத்தம் 320 ரீம், 800 கிலோ. வீட்டுத் தளம் ஒன்றுக்கு நாங்கள் போடும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோதான். கீழே கடை, மேலே குடும்பம் என்பதே ஜார்ஜ் டவுன் தெருக்களின் பழைய ஏற்பாடு. உங்கள் மாடியும் யாரோ பாய் விரித்துப் படுத்த மாடியாகத்தான் இருந்திருக்கும். அதில் இடுப்பளவோடு நிறுத்தாமல் உத்திரம்வரை தாள் கட்டுகளை ஏற்றியிருப்பீர்கள். காகிதக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தளம் அதிராமல் என்ன செய்யும்? நாளைக்கே காகிதத்தைக் கீழே இறக்குங்கள். இதற்கு அனுமதியும் வேண்டாம், பொறியாளரும் வேண்டாம். சுமை தூக்குபவர்கள் நாலு பேர் போதும்.

அடுத்தது கூரை. மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டார்கள் என்பது பங்காளிகள் மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தேக்குச் சட்டங்களின் மேல் அச்சுக்கல் என்னும் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டை மேலே பதிப்பார்கள். நன்றாகத் தட்டிய தளத்தில் மழை நிற்காது, வெயிலும் அவ்வளவு இறங்காது.

பிறகு வந்த தலைமுறைகள்தான் இதைக் கெடுத்தன. ஒழுகினால் காரணம் தேடாமல், பழைய ஓட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு ஜல்லி, இன்னொரு அடுக்கு ஓடு. நாலு அங்குலக் கனத்துக்குப் போட்ட ஜல்லி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. மொட்டை மாடியில் ஓர் ஓரத்தைப் பெயர்த்து எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மேலதிக அடுக்குகளை எடுத்தாலே சட்டங்கள் மூச்சுவிடும். ஒழுகும் இடம் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், அங்கே முளைத்த அரசங்கன்று, இவற்றில்தான் இருக்கும். கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளே தங்கிவிடும். சில கல்லைக் கழற்றி வேரோடு எடுத்து மறுபடி கட்ட வேண்டும். குழாய் இரண்டு அங்குலம் என்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நாலு அங்குலம் போடுங்கள்.

அப்புறம் உள்ளே வந்து, ஒவ்வொரு சட்டமும் சுவருக்குள் நுழையும் முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி கல்லாக இருக்கும். ஒழுகிய தண்ணீர் சுவர் வழியாக இறங்கி முனையை மட்டும் உளுக்க வைத்திருக்கும். முனை போனால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கீழே முட்டுக் கொடுத்து, உளுத்த பகுதியை வெட்டி, பழைய தேக்கையே ஒட்டுப் போட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் முடுக்கலாம். சில கட்டிடங்களில் தேக்குக்குப் பதிலாக இரும்பு கர்டர் இருக்கும். பெயிண்டைச் சுரண்டினால் 'டார்மன் லாங்' என்று இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் தெரியும். அதற்கும் முனைதான் பலவீனம்.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொன்ன ஒப்பந்தக்காரரை இன்னொரு முறை வீட்டுக்குள் விட வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஓதம், அதாவது ஈரம், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்ட் பூசினால் அது உள்ளேயே சிக்கும், மேலும் ஏறும், உப்புப் பூக்கும். கடைசியில் பூச்சோடு செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும். உங்கள் சுவரில் கொப்புளிப்பது ஏற்கனவே யாரோ பூசிய சிமெண்ட்தானா என்று தட்டிப் பாருங்கள். டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும்.

ஐந்து மாடிக் கதைக்கு இவ்வளவு மை செலவழிக்கத் தேவையில்லை. எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. ஆண்டர்சன் தெருவின் அகலம் உங்களுக்கே தெரியும். அந்தக் குறுகலான மனையில் லிஃப்ட், படிக்கட்டு, தீயணைப்புக்கான இடம் எல்லாம் போக ஒரு மாடியில் மிஞ்சுவது எவ்வளவு என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்துக் கடையோடு சுவர் பொதுவா என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். பொதுவானால், நீங்கள் இடிக்கும் நாளில் அவர் சுவர் வெட்டவெளியில் நிற்கும், வழக்கு உங்கள் வாசலில் நிற்கும். "ஷோரூம் அகலமாக வேண்டும்" என்று உள் சுவரை எடுப்பதும் வேண்டாம். 2023 ஏப்ரலில் அரண்மனைக்காரன் தெருவில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த பழைய கட்டிடம் ஒன்று அப்படியே சரிந்ததை நீங்கள் எட்டிப் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

மின்கம்பிகளையும் மறக்க வேண்டாம். தேக்கில் ஆணியடித்து ஓட்டிய பழைய கம்பி, அடியில் காகிதம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது நினைவிருக்கும். பூச்சுக்கு முன்னால் இதை மாற்றுங்கள்.

அரண்மனை, கோயில் என்றால் காப்பாற்றலாம். வெறும் கடைக் கட்டிடங்களுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் சொந்தக்காரரால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதாமே?
– வாசகர், மதுரை

ஆணி அடிக்கலாம். இடிப்பதற்கும் முகப்பை மாற்றுவதற்கும்தான் கேட்க வேண்டும். சென்னையில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் இதற்கென்றே பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது.

உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தைப் பாருங்கள். 1897-ல் மருந்து வணிகர் டபிள்யூ.இ. ஸ்மித் கட்டியது, 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது, இன்சூரன்ஸ் தேசியமயமானபோது எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. அதன்பிறகு யார் குடியேறினார்கள்? புறாக்கள். இடிக்காதே என்ற உத்தரவு கூரையில் உடைந்த ஓடு ஒன்றைக்கூட மாற்றாது. ஆள் புழங்காத கட்டிடத்தில் ஒழுகல் யார் கண்ணிலும் படாது, அடைத்த குழாயை யாரும் குத்திவிட மாட்டார்கள்.

புதுச்சேரியில் 'மேரி' என்னும் நகராட்சிக் கட்டிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. விரிசல் விட்டு, வெறுமையாகக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பகுதி 2014-க்கு முன்னால் கூரைக்குப் போயிருந்தால் என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அதே ஊரில் தமிழர் பகுதியான வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகளையும் திண்ணைகளையும் சொந்தக்காரர்களோடு சேர்ந்து சீர்செய்தார்கள். யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அங்கே தனித்தனி வீடு எதுவும் அரண்மனை அல்ல. வரிசையாக நிற்பதால் அழகு. கடைத்தெருவும் அதே கணக்குத்தான்: நடுவில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி வைத்தால் பத்துக் கடையின் முகம் கெட்டுப்போகிறது.

சொந்தக்காரரின் நஷ்டத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. மும்பையில் 1995-லேயே பாரம்பரிய விதிகள் வந்தன. தன் மனையில் கட்ட முடியாத பரப்பை வேறு இடத்தில் கட்டுவோருக்கு விற்றுக்கொள்ளும் உரிமையும் அங்கே உண்டு. பணம் வந்தால் கூரைக்குப் போகும் என்று நம்பலாம். பணமே தராமல் "காப்பாற்று" என்று மட்டும் சொன்னால், ராத்திரியோடு ராத்திரியாகக் கூரைச் சட்டத்தை உருவி, மழையே இடிக்கட்டும் என்று விடுவார்கள்.

நான் பழைய கட்டிடத்தில் வாடகைக்குக் கடை வைத்திருக்கிறேன். "ரிப்பேர் செய்ய வேண்டும், ஆறு மாதம் காலி செய்யுங்கள், திரும்ப இடம் தருகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?
– வாசகர், சென்னை-79

நம்புங்கள், எழுதியும் வாங்குங்கள். எந்தத் தளம், தெருப் பக்கமா பின்பக்கமா, எத்தனை சதுர அடி, என்ன வாடகை, எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 1960 வாடகைச் சட்டம் ரிப்பேருக்குக் காலி செய்வதையும் இடித்துக் கட்டக் காலி செய்வதையும் தனித்தனிக் காரணங்களாக வைத்திருந்தது. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகை ஒப்பந்தமே எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ரிப்பேர் என்று சொல்பவரிடம் வேலைப்பட்டியலைக் கேளுங்கள். அதில் கூரை இல்லாமல் லிஃப்ட் இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

இன்னொன்று: மிகக் குறைந்த வாடகை கொடுத்துக்கொண்டே ஒழுகலைப் பற்றிப் புகார் சொல்லும் குடித்தனக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நினைக்கிறேன்.

கடையின் முகப்பு பழசாக இருக்கிறது. முழுவதும் ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட் போட்டு மூடி, பெரிய போர்டு வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். நல்ல யோசனையா?
– வாசகி, திருச்சி

வேண்டாம் அம்மா. ஷீட்டுக்காக அடிக்கும் சட்டம் வளைவுகளையும் பூவேலையையும் துளைக்கும். பின்னால் புறா கூடு கட்டும், தண்ணீர் தேங்கும், விரிசல் வந்தால் தெரியாது. ஜன்னலை மூடிவிட்டால் தீப்பிடித்த நாளில் புகை போக வழியில்லை.

மும்பையில் தாதாபாய் நௌரோஜி சாலை முழுவதுமே ஒரு காலத்தில் இப்படிப் போர்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. போர்டு எங்கே, எந்த அளவில் இருக்கலாம் என்று விதிமுறை வகுத்து, கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்து, வளைவுக்குள் அடங்கும்படி மாற்றினார்கள். யாருக்கும் வியாபாரம் படுத்துவிடவில்லை. மகனிடம் சொல்லுங்கள்: வாசல் வளைவுக்குள் ஒரு போர்டு, மேலே இரண்டு விளக்கு, முகப்புக்குச் சுண்ணாம்பு. ஷீட் போடும் செலவில் பாதிகூட ஆகாது.

நெரிசலான மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் பழைய கடைத்தெருக்கள் பிழைத்துக்கொள்ளாதா?
– வாசகர், கோவை

ஒரு பகுதி சரி. சென்னையில் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்தச் சந்தையை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். செம்புதாஸ் தெரு இரும்பு வியாபாரத்துக்கு நகரின் வடக்கே சாத்தங்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். அழுகிய காய்கறியும் இரும்புத் தகடும் குறுகலான தெருவுக்கு ஏற்றவை அல்ல, மறுக்கவில்லை. ஆனால் காலியான இடத்தில் என்ன வரும் என்று யாரும் திட்டமிடவில்லை. கிடங்குதான் வந்தது. கிடங்கு வந்தால் மேல் மாடியில் ஆள் குடியிருக்க முடியாது. ஆள் இல்லாவிட்டால் கூரையை யார் கவனிப்பார்கள்? பாரத்தை வெளியே அனுப்புங்கள், கடையையும் குடியிருப்பையும் உள்ளேயே வையுங்கள். சரக்கு லாரி இரவில் மட்டும் வரட்டும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கே கிடைப்பார்? எப்போது வேலையைத் தொடங்கலாம்?
– வாசகர், கும்பகோணம்

காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடத்திலும் விசாரியுங்கள். வந்தவரிடம் முழுக் கட்டிடத்தையும் ஒப்படைக்காமல், பின்கட்டில் ஆறடிக்கு ஆறடி சுவர் ஒன்றைப் பூசச் சொல்லி ஒரு மழையைப் பாருங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து நீற்ற எத்தனை நாள் என்று கேட்கும்போது, "மூட்டையைப் பிரித்து உடனே கலக்கலாம்" என்று சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். கூரை வேலையைத் தை முடிந்ததும் தொடங்கிவிடுங்கள். ஐப்பசிக்குள் தட்டோடு பதித்து முடிந்திருக்க வேண்டும்.