ரப்பர் இலையுதிரும் காலத்தில் குளிரில் வாடும் கிராம்புக் கன்றுகள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகே, மலையடிவாரச் சரிவில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், சென்ற மழைக்காலத்தில் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை நட்டோம். வீட்டு முற்றத்தில் ஆந்தூரியத் தொட்டிகளும் பந்தலில் பாகற்கொடியும் இருக்கின்றன. இவ்வாண்டு மார்கழிக் குளிர் வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கிறது. கிராம்பின் தளிர்கள் சிவந்துவிட்டன. முதிர்ந்த இலைகளின் நுனி கருகுகிறது. மாலையில் நிறைய நீர் விட்டு, இரவில் பாலித்தீன் தாளால் மூடி வருகிறோம். சருகைக் கொளுத்திப் புகை போட்டால் பயன் கிடைக்குமா?

பதில்: முதலில், தளிர் சிவந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிராம்பின் புதுத்தளிர் செந்நிறமாகத் தோன்றி, முதிர முதிரப் பச்சையாவது அதன் இயல்பு. கவனிக்க வேண்டியது நுனிக்கருகல்தான். அதற்கும் குளிரை மட்டுமே காரணமாகக் கொள்ள முடியாது. உதகையிலும் கொடைக்கானலிலும் விழுவதைப் போன்ற உறைபனி தங்கள் பகுதியில் விழுவதில்லை. வெப்பமண்டலச் செடிகளின் திசுக்களில் குளிர்க்காயம் ஏற்படுவதற்கு, பொதுவாக வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிப் பல மணி நேரம் நீடிக்க வேண்டும். குலசேகரம் பக்கத்தில் அந்த அளவுக்குக் குளிர்வது அரிது.

தாங்கள் கன்று நட்டிருக்கும் இடத்தில்தான் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மழைக்காலத்தில் அடர்ந்த நிழலில் வேரூன்றிய கன்றுகளுக்கு மேலே, மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையை முழுவதுமாக உதிர்த்துவிடுகின்றன. மேகமில்லாத இரவில், மேலே மறைப்பு ஏதுமில்லாத இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துவிடும். விடிந்ததும் அதே இலை நேர்வெயிலில் நிற்கிறது. மண் குளிர்ந்திருப்பதால் வேர் மெதுவாகவே நீரை உறிஞ்ச, வடகிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றோ இலையின் ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கும் இளங்கன்று நுனியில் கருகத் தொடங்குகிறது. ஆகவே கன்றுகளுக்கு இப்போது உடனடித் தேவை, இழந்துபோன கூரைதான்.

ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் நான்கு கம்புகளை நட்டு, கன்றின் உச்சிக்கு ஓரடி உயரத்தில் முடைந்த தென்னோலையைப் பரப்புங்கள். வடக்கு, கிழக்குப் பக்கங்களிலும் ஓலை வைத்துக் காற்றைத் தடுத்து, மற்ற இரு பக்கங்களையும் திறந்து விடுங்கள். 50 விழுக்காடு நிழல் தரும் நிழல்வலை கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். பாலித்தீன் தாளை இன்றே எடுத்துவிடுவது நல்லது: அது இலையில் படும் இடத்தில் குளிர் நேரடியாக ஏறுகிறது, உள்ளே நீர் வியர்த்துப் பூசணத்துக்கு இடம் கொடுக்கிறது, காலையில் எடுக்க மறந்தால் வெயிலில் கன்று வெந்தே போகும்.

சரிவு நிலமாதலால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குளிர்காற்று எடை மிகுந்தது என்பதால், தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கீழ்வரப்பில் நெருக்கமான வேலியோ மதிலோ இருந்தால், அதையொட்டிய கன்றுகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால் வேலியின் அடிப்பகுதியில் இரண்டு, மூன்று இடங்களில் வழி விடுங்கள், காற்று வடிந்துவிடும்.

மாலை நீர்ப்பாய்ச்சலை நிறுத்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு, காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல், இலையில் படாமல் வேர்ப்பகுதியில் மட்டும் நீர் விடுங்கள். மிதமான ஈரமுள்ள மண் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் வெளியிடும். சதசதவென்று நிற்கும் மண்ணில் வேர் அழுகும். புகை போடவே வேண்டாம். திறந்த சரிவில் புகை தங்காது. தங்கினாலும் அதனால் வெப்பம் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயராது. அத்துடன், உதிர்ந்த சருகு தரையெங்கும் காய்ந்து கிடக்கும் ரப்பர் தோட்டத்தில் நெருப்பு மூட்டுவது, பக்கத்துத் தோட்டக்காரருக்கும் சேர்த்து ஆபத்தை வரவழைப்பதாகும். அந்தச் சருகையே கன்றின் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கி, நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் போட்டால், மண்ணின் ஈரமும் சூடும் காக்கப்படும்.

யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை இப்போது இட வேண்டாம். அவற்றால் வரும் மெல்லிய தளிரே அடுத்த குளிருக்கு முதலில் பலியாகும். கருகிய நுனிகளையும் உடனே வெட்டாதீர்கள். உயிருள்ள பகுதி எதுவரை என்பது புதுத்தளிர் வந்த பிறகே தெரியும்.

ஆந்தூரியம் 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். தொட்டிகளை இரவில் வராந்தாவுக்கு மாற்றி, சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் பலகையின்மேல் வையுங்கள். தொட்டியிலுள்ள தேங்காய் மட்டைத் துண்டுகளின் மேற்பரப்பு காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும். பாகற்கொடியில், இலையின் மேற்பக்கம் மஞ்சள் புள்ளிகள் நரம்புகளுக்கிடையே கட்டம்கட்டமாகத் தெரிந்தால் அது குளிர் அல்ல, பனியீரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்; அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, லிட்டர் நீருக்கு 2 கிராம் மாங்கோசெப் என்னும் பூசணக்கொல்லியைக் கலந்து, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரங்களில் கருகல் நிற்காவிட்டால், ஒரு கன்றின் அடிமண்ணை விலக்கி வேரைப் பாருங்கள். பழுப்பேறித் தோல் உரிந்தால், பாதித்த கன்றை வேர்மண்ணோடு பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள். வேர் வெண்மையாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ரப்பர் மீண்டும் தழைத்து நிழல் கட்டிய பிறகு ஓலைக்கூரையைப் பிரிக்கலாம். ஆனால் ஒரே நாளில் எடுக்காமல், முதலில் பக்க ஓலைகளையும், ஒரு வாரம் கழித்து மேலோலையையும் எடுங்கள்.