கேள்வி – பதில்: மெயிலில் தெளிவு, போனில் தயக்கம் ஏன்?

கேள்வி: தையல் இயந்திர உதிரிப்பாகங்களைச் சீனாவிலிருந்து வரவழைக்கிறோம். அங்கே எங்களோடு தொடர்பில் இருக்கும் இளைஞர்கள் மெயிலில் எதைக் கேட்டாலும் தெளிவாகப் பதில் அனுப்புகிறார்கள். போன் செய்தால் தடுமாறி, "மெயில் போடுங்கள்" என்கிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பதில் எழுதும் தேர்வே கிடையாதா? – வாசகர், திருப்பூர்

பதில்: இருக்கிறது. குவாங்சோவில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் நான். கேட்டல் பயிற்சி இல்லாமல் அந்தப் பிள்ளைகள் யாரும் பள்ளி முடிப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் காவ்காவ் தேர்வில் ஆங்கிலம் வழக்கமாக ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்கு. பெரும்பாலான மாநிலங்களில் கேட்டல் பகுதிதான் முதலில். மற்றப் பாடங்களுக்குத் தாமதமாக வந்தால் கால் மணி நேரம் வரை உள்ளே விடுவார்கள், ஆங்கிலத்துக்கு 2.45க்கே கதவை மூடிவிடுவார்கள். தேர்வு மையத்தைச் சுற்றி ஹாரன் அடிக்கத் தடை, கட்டட வேலையையும் நிறுத்திவைப்பார்கள்.

ஆனால் மதிப்பெண்ணைப் பாருங்கள். தேசிய வினாத்தாளில் மொத்தம் 150. கேட்டலுக்கு 20 கேள்விகள், 30 மதிப்பெண். வாசிப்புக்கும் 20 கேள்விகள்தான், ஆனால் 50 மதிப்பெண். கேட்டலில் ஒரு கேள்விக்கு ஒன்றரை, வாசிப்பில் இரண்டரை. பதினேழு வயதுப் பிள்ளை தன் இரவு நேரத்தை எதில் போடும்? வாசிப்புப் பகுதியில் விளம்பரம், அட்டவணை மாதிரி எளிதாகத் தொடங்கி அறிவியல் கட்டுரை வரை போகும். பத்தியிலிருந்து எடுத்துவிட்ட ஐந்து வாக்கியங்களை, கொடுத்திருக்கும் ஏழிலிருந்து தேர்ந்து பொருத்தவும் வேண்டும். உங்களுக்கு வரும் மெயில்களின் தெளிவு அங்கே பழகியது.

கேட்டல் பகுதியில் முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே தடவைதான் ஒலிக்கும், மற்றவை இரண்டு தடவை. மாதிரிக் கேள்வி ஆண்டுக்கணக்காக ஒன்றேதான்: சட்டையின் விலை என்ன? 9 பவுண்டு 15 பென்ஸ். அங்கே படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. கேள்விகளும் மூன்று விடைகளும் தாளில் அச்சாகியிருக்கும். குறுகிய உரையாடல் முடிந்ததும் பத்து நொடிக்குள் விடையைக் குறித்து, அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். வேகமாக வாசிக்கிறவர் எதைக் கேட்கப் போகிறோம் என்று முன்பே ஊகித்துவிடுவார். அப்போது காதுக்கு வைத்த சோதனையில் கண்ணும் பாதி மதிப்பெண் வாங்கிவிடுகிறது. ஒலிப்பதிவோ ஸ்டுடியோவில் நிதானமாகப் பேசியது. இரைச்சலுள்ள லைனில் வேகமாக வரும் நம் ஊர் ஆங்கிலம் அவர்களுக்குப் புதிது.

நான் இருந்த குவாங்சோ அடங்கிய குவாங்டோங் மாநிலத்தில் வேறு முறை. 2011 முதல் கணினி முன் உட்கார்ந்து கேட்டும் பேசியும் எழுதும் தேர்வு அது. மாணவர் காட்சியைப் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும், வரும் பதில்களைக் கவனித்து ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் கேட்ட கதையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் ஊகத்துக்கு இடம் குறைவு. பெய்ஜிங் 2021 முதல் கேட்டலுக்கும் பேச்சுக்கும் சேர்த்து 150இல் 50 கொடுக்கிறது. மற்ற மாநிலங்களும் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது: பேச வேண்டியதை நாலு வரியில் முதலில் மெயிலில் அனுப்பிவிட்டுப் போன் செய்யுங்கள். அளவையும் எண்ணிக்கையையும் நிறுத்தி, இரண்டு முறை சொல்லுங்கள்.

கேள்வி: காது கேளாத மாணவர்கள் அந்தத் தேர்வில் என்ன செய்வார்கள்? – வாசகி, மதுரை

பதில்: விண்ணப்பித்துக் கேட்டல் பகுதியிலிருந்து விலக்குப் பெறலாம். மீதிப் பகுதியில் வாங்கியதை முழு மதிப்பெண்ணுக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். 120க்கு 96 வாங்கினால் 150க்கு 120 என்று ஆகும்.