ஆஷ்காஷ் போற கீழக்கரை தம்பிக்கு
தம்பி, அமெரிக்கால இருக்குற உங்க மாமா சொந்த செஸ்னா 172 குட்டி ப்ளேன்ல, விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் ஊர்ல வருஷா வருஷம் நடக்குற ஏர்வென்ச்சர்ங்குற பெரிய விமானத் திருவிழாவுக்கு கூட்டிட்டுப் போறாரு, நாலு பேரு, என்ன எடுத்துக்கன்னு கேட்டிருந்தீங்க. மொதல்ல உங்க எடை, பை எடை ரெண்டையும் மறைக்காம சொல்லிருங்க, சீட்டு நாலு இருந்தாலும் டேங்க் நெறைய ஃப்யூல் போட்டா நாலு ஆளும் சாமானும் தாங்காது, சூட்கேஸ் வேணவே வேணாம், மடங்குற பைதான். ரெக்கைக்கு அடியிலயே டென்ட் போட்டு தங்கலாம், ஆனா ஜூலை கடைசில அங்க திடீர்னு இடிமழை வரும், பாம்பன்ல கூண்டு ஏத்துனா வல்லத்தை இழுத்துக் கட்டுவோம்ல அப்படி ப்ளேனை கட்டணும், கயிறும் முளையும் நாமதான் கொண்டுபோகணும். முக்கியமா, ஆஷ்காஷ்ல எறங்கப் போறப்ப, பக்கத்துல இருக்குற ரிப்பன்ங்குற ஊர்லேருந்து ஃபிஸ்க்ங்குற ஊர் வரைக்கும் ரயில் தண்டவாளத்தை பார்த்துக்கிட்டே வரிசையா பறப்பாங்க, தரையிலேருந்து ரேடியோவுல வழி சொல்ற கன்ட்ரோலர் சொன்னா, கேட்டுருச்சுன்னு காட்ட மாமா ப்ளேன் ரெக்கைய ஆட்டணும், அந்த நேரம் மாமாகிட்ட பேச்சு குடுக்காதீங்க, பக்கத்துல வேற ப்ளேன் வந்தா மட்டும் சொல்லுங்க, அது பெரிய உதவி.