தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்காதீர்கள்: நாய், பூனைகளின் இதய மாத்திரைகள்

எங்க பொமரேனியனுக்கு 11 வயசு. வால்வு கசிவுன்னு லாசிக்ஸ் குடுத்திருக்காங்க டாக்டர். வீடு முழுக்க மூத்திரம். ராத்திரி மட்டும் தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வெச்சிடலாமா? (காசிமேடு வாசகி)

எடுக்கவே எடுக்காதீர்கள் அம்மா. நுரையீரலில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குவதுதான் அந்த மாத்திரையின் வேலை. நீர் இறங்க இறங்கத் தாகம் எடுக்கும். அப்போது தண்ணீர் இல்லையென்றால் முதலில் அடிவாங்குவது சிறுநீரகம். மாத்திரை உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் வரத் தொடங்கி, ஏறக்குறைய ஆறு மணி நேரம் வரை போகும். இரண்டாம் வேளையை மாலை ஐந்து மணிக்கு நகர்த்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். படுக்கும் முன் ஒரு முறை தெருவுக்கு அழைத்துப் போய் வந்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே நோயோடு ஒரு நாய் என்னிடம் வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் நன்றாக இருந்தது. ஒரு நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, படுக்க முடியாமல் மூச்சுக்குத் தவித்தது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனால் சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறதே என்று வீட்டு ஆயா இரண்டு நாளாகச் சோற்றில் கருவாட்டைப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. கருவாட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அந்த உப்பு மாத்திரை இறைக்கும் நீரை மறுபடி உடம்பில் பிடித்து வைத்துவிடும். அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எல்லாம் அப்படித்தான். மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பச்சை மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்துக் கொடுங்கள்.

தினமும் ஒரு வேலை செய்யுங்கள். நாய் நன்றாகத் தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிடம் எண்ணி காலண்டரில் எழுதி வையுங்கள். வழக்கமாக 20 இருந்தது 30-ஐத் தாண்டி, சற்று நேரம் கழித்து எண்ணும்போதும் அப்படியே இருந்தால், இருமல் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எங்க நாய்க்கு சில்டெனாஃபில் (வயாகரா) எழுதியிருக்காங்க. மருந்துக் கடையில என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க சார். சரியான மருந்துதானா? (வியாசர்பாடி வாசகர்)

சரியான மருந்துதான் தம்பி, கூச்சமே வேண்டாம். இதய வலிக்காக ஆராயப்பட்ட மருந்து அது. நீங்கள் நினைக்கும் பயன்பாட்டுக்கு 1998-ல்தான் அனுமதி கிடைத்தது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதால், அங்கே அழுத்தம் ஏறி மயங்கி விழும் நாய்களுக்கு நல்ல பலன் தெரிகிறது. நாயின் உடம்பில் அதிக நேரம் நிற்காது. அதனால்தான் இரண்டு மூன்று வேளை.

நாய்க்கு எனலாப்ரில் எழுதியிருக்காங்க. அப்பாவோட பிரஷர் மாத்திரையும் அதுதான், வீட்டுல நிறைய இருக்கு. அதையே குடுக்கலாமா? (பெரம்பூர்)

மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. நாயின் எடையைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். தொடங்கி ஓரிரு வாரத்தில், சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பரிசோதனையும் தேவை. எனலாப்ரிலும் லாசிக்ஸும் சாப்பிடும் நாய்க்குக் கால்வலி என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் நின்றே போகலாம்.

எங்கள் நாய்க்கு இருமல் இல்லை, நன்றாக ஓடுகிறது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறதாம். விலை அதிகமான பிமோபெண்டான் என்ற இதய மாத்திரை இப்போதே வேண்டுமா? (தண்டையார்பேட்டை)

எக்ஸ்ரே, எக்கோ எடுத்து இதயம் பெருத்திருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கவில்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். வால்வு கசிவால் பெருத்திருந்தால் காசைப் பார்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 2016-ல் வெளியான எபிக் ஆய்வில், அந்த நிலையில் இதைத் தொடங்கிய நாய்களுக்கு இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. ஒரு நாயின் ஆயுளில் அது பெரிய காலம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். தொடங்கிய பின், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

பூனைக்கு க்ளோபிடோக்ரெல் குடுத்தா நுரை தள்ளுது. ஒவ்வாமையா? (திருவொற்றியூர்)

அநேகமாகக் கசப்புதான். 75 மில்லிகிராம் மாத்திரையைக் கால்வாசியாக நறுக்கியதும் மேல்பூச்சு போய்விடும், நாக்கில் பட்டால் பூனை சும்மா இருக்காது. அந்தத் துண்டைச் சின்ன வெறும் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்து, சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அது தொண்டைக்குழாயில் ஒட்டாமல் இறங்க வேண்டும். பூனைக்கு இதயத் தசை தடித்தால் உள்ளேயே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. பூனை திடீரென்று கத்தி, பின்னங்கால்களை இழுத்து, பாதம் சில்லிட்டு வெளிறினால் தைலம் தேய்த்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, பக்கத்து மருத்துவமனைக்கோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அந்த நிமிடமே ஆட்டோ பிடியுங்கள்.